நோகாத இடம்

மாரிக்கு ஒரு தரம், கோடைக்கு ஒரு தரம்
இந்தக் கண்டத்து வாய்க்கால் முழுக்க நடப்பேன்.
இருபத்தாறு வருசமாய் நான் வட்டவிதானை.

நண்டு தோண்டிய துளை
முதல் நாள் விரல் பருமன்தான்.
ஒருவர் கண்ணிலும் படாது.
நெல் குடலைக்கு வருகிற கிழமையில்
வரம்பையே தூக்கிக்கொண்டு போகும்.
அதனால் குந்தியிருந்து
முழங்கை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து
களி வைத்து அடைப்பேன்.

வாய்க்காலுக்கு நான் இருந்தேன்.
என் வாய்க்கு ஒருவரும் இல்லை.

இடது கொடுப்பு
போயிலைக்கு நான் உறுதி எழுதிக் கொடுத்த காணி.
சுபஹுக்குப் பிறகு ஒரு வாய்,
வரம்பில் ஒரு வாய்,
தண்ணிச் சண்டை தீர்க்கிற நாளில் கணக்கில்லை.
பல் ஆடினால் நூல். வீங்கினால் கராம்பு.
நோகாத பல்லை டொக்டரிடம் காட்டுகிறவன்
வேலை வெட்டி இல்லாதவன் என்பது என் தீர்ப்பு.

கடைவாய்ப் பல் பிளந்த இரவு
தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.
விடியச் சம்மாந்துறை ஆசுபத்திரியில்
நம்பர் பதினேழு.

நுஸ்ரத் டொக்டர் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டா.
ணங்.
எழும்பினேன். "இருங்க" என்றா.

சின்னக் கண்ணாடியால் கொடுப்பை விலக்கி
நாக்கைத் துணியால் பிடித்து
இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில்,
டோர்ச் அடித்து
ஓர் அங்குலம் விடாமல்.
நான் வாய்க்காலில் குந்துகிற அதே குந்தல்.

"இது எவ்வளவு நாளா?"
"எது?"
கண்ணாடியைக் கையில் தந்தா.
போயிலை ஒதுக்குகிற இடத்தில்
சுண்ணாம்பு காய்ந்தாற்போல் ஒரு வெள்ளை.
விரலால் சுரண்டினேன். போகவில்லை.
"நோகல்லையே."
"நொந்திருந்தா எப்பவோ வந்திருப்பீங்க."

புற்று என்று அவ சொல்லவில்லை.
ஆகலாம், ஆகாமலும் விடலாம், பார்ப்பம் என்றா.
நெல்மணியளவு வெட்டிப் போத்தலில் இட்டு
கண்டிக்கு அனுப்பினா.
வருசத்துக்கு ரெண்டு தரம் பல்லைக் காட்டியிருந்தால்
இதைப் பொட்டாக இருக்கையிலேயே பிடித்திருக்கலாமாம்.
ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

பெண்சாதி போயிலைச் சுருளை ஒளித்துவிட்டாள்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
மூன்று நாளாய் அந்தப் பக்கம் போகாமல்
வீட்டுக்குள் சுற்றி நடக்கிறேன்.

கார்ட்டில் எழுதிய திகதி
துருசு திறக்கிற நாளாய் அமைந்து போயிற்று.
கமக்காரர் கூட்டத்தில்
சாவியை மேசையில் வைத்தேன்.
இந்தப் போகம் முதல் தண்ணி
நான் பாராமல் இறங்கட்டும்.

ஆதம்பாவா கொடுப்புக்குள் சிரித்தான்.
"பல்லுக் காட்டவா வட்டானை தண்ணியை விடுற?"
அவன் இடது கொடுப்பு உப்பியிருந்தது.

"வாயைத் திற" என்றேன்,
டோர்ச்சை எடுத்துக்கொண்டு.

கூட்டமே சிரித்தது.
அவன் மட்டும் சிரிப்பை நிறுத்தி
வாயை இறுக மூடிக்கொண்டான்.