மூச்சுக்கணக்கு

பதினோரு வருஷம் எண்ணினேன்.
குறட்டையை அல்ல,
குறட்டை நின்றுபோகும் இடத்தை.

ஒன்று, இரண்டு, மூன்று...
ஒருமுறை இருபத்தெட்டு வரை போய்
முழங்கையால் இடித்தேன்.
தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவன்போல்
காற்றைக் கவ்விக்கொண்டு எழுந்தான் லெஷெக்.
"என்ன?"
"ஒன்றுமில்லை, தூங்கு."
உயிரோடிருக்கிற ஒருவனிடம்
அதற்கு மேல் என்ன சொல்ல?

அவன் க்தான்ஸ்க் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவன்.
மார்ச் மாதம், கடற்கரைக்குப் போகும் தடத்தில்
பைன் மரங்களுக்கு நடுவே
மூன்றே விநாடி
கண் அசந்துவிட்டான்.
நிறுத்தம் தாண்டி அரை டிராம் நீளம் போய் நின்றது வண்டி.
நாயோடு காத்திருந்த ஒருத்தி
பனிச்சேற்றில் ஓடிவந்து கதவைத் தட்டித் திட்டினாள்.
யாருக்கும் அடியில்லை.
பணிமனையில் போய் அவனாகவே சொன்னான்.
சாவியை வாங்கிக்கொண்டு
ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்:
தூக்க மருத்துவர், மூன்றாம் மாடி.

டாக்டர் கெம்பாவின் மேசைமேல்
ஒரு பிளாஸ்டிக் தொண்டை இருந்தது.
அதன் நாக்கை விரலால் பின்னுக்குத் தள்ளி
"இதோ, வாசல் மூடிக்கொள்கிறது" என்றார்.
"நீங்கள் சோம்பேறி இல்லை.
ராத்திரி முழுக்கக் கழுத்தை நெரிப்பவனோடு மல்லுக்கட்டிவிட்டு
காலையில் வேலைக்குப் போகிறீர்கள்."
லெஷெக் அழுதுவிட்டான்.
இத்தனை வருஷமாக
எல்லோரும் அவனைச் சோம்பேறி என்றுதான்...
நானும்.

அங்கேயே ஓர் இரவு.
தலையில் பசை, நெஞ்சில் பட்டை,
விரல் நுனியில் சிவப்பாய் ஒரு வெளிச்சம்.
மறுநாள் அவன் இரவைக் காகிதத்தில் காட்டினார்கள்,
மலையும் பள்ளமுமாய்.
மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு அடைபட்டதாம்.
என்னைக் கேட்டிருந்தால்
செலவில்லாமல் சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த முகமூடி.
முதல் வாரம் தூக்கத்தில் பிய்த்து எறிந்தான்.
இரண்டாவது கன்னத்தை அறுத்தது.
மூன்றாவதில் கண்ணுக்குள் காற்று.
ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள்
செருப்புக் கடைக்காரியின் பொறுமையோடு
வேறொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார்.
நான்காவது பொருந்தியது.

மே மாதத்தில் எங்கள் அறை அமைதியானது.

அமைதி என்றால் அப்படியோர் அமைதி!
எண்ண ஒன்றுமில்லை.
கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.
இரண்டு மணி, மூன்று, மூன்றரை.
பக்கத்தில் அவன்
வரி கட்டி முடித்தவன்போல் தூங்கினான்.
சத்தியமாய்ச் சொல்கிறேன்,
சில இரவுகளில் அவனை வெறுத்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது
அவன் எண்களைப் பார்த்துச் சிரித்த டாக்டர்,
கதவோரம் அவன் கோட்டை மடியில் வைத்திருந்த
என் பக்கம் திரும்பினார்.
"நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?"
"நான் நோயாளி இல்லை."
"அது என் கேள்விக்குப் பதிலும் இல்லை."

மாத்திரை தரவில்லை.
கோடு போட்ட ஒரு நோட்டு தந்தார்.
பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கக்கூடாது.
தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.
தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஆறு மணிக்கு எழ வேண்டும்.
கடிகாரத்தின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும்.
தூக்கமில்லாதவளுக்குத்
தூக்கத்தையே ரேஷன் போடுகிற வைத்தியம்!
"கட்டிலைக் காவல்மேடையாக்கிவிட்டீர்கள், போஷேனா.
காவலுக்கு இனி இயந்திரம் இருக்கிறது.
உங்களுக்குப் பணி விடுப்பு."

நள்ளிரவில் சமையலறையில் பீட்ரூட் தோல் சீவினேன்.
சூப்பு ஒருமுறை அடிபிடித்தது.
பகலெல்லாம் மணலில் நடப்பதுபோல் நடந்தேன்.
இது பைத்தியக்காரத்தனம் என்று
நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.
டாக்டர் படித்துவிட்டு
"பக்கத்தைத் திருப்புங்கள்" என்றார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் லெஷெக்கிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
அந்த வாரம் ஒரு காலை,
'எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்' என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
'தெரியாது' என்று எழுதினேன்.

இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.
நேற்றும் விழித்தேன்.
எத்தனை மணியோ, கடிகாரம் சுவரைப் பார்த்திருந்தது.
பழைய பழக்கத்தில் எண்ண ஆரம்பித்து
ஏழு வரை போனேன்.
எட்டு
ஞாபகமில்லை.