மூன்று சாவி

காவிரி தன் பெயரை எங்கோ மேற்கில் விட்டுவிட்டு
வேறு வேறு பெயர்களில் வந்துசேரும் கடைமடை.
முத்துப்பேட்டைக்குத் தெற்கே, பஸ் நின்றபிறகும்
நாலு மைல்.
இங்கே கதவணைச் சக்கரத்தில் மூன்று பூட்டு.

ஒரு சாவி மேலத்தெரு உத்திராபதியிடம்,
பள்ளத்தில் வயல் வைத்திருப்பவர்.
ஒன்று காலனி வைரக்கண்ணுவிடம்,
வயல் இல்லை, ஒன்பது மாடு உண்டு.
மூன்றாவது அமலோற்பவத்திடம்;
அலையாத்திக் காட்டு ஓடையில்
கையால் துழாவி இறால் பிடிக்கிறவள்.
மூவரும் ஒத்துக்கொள்ளாமல்
கதவு விரற்கடையும் நகராது.
மூவரும் எதிலும் ஒத்துக்கொண்டதில்லை.

என்னிடம் சாவி கிடையாது, நோட்டு இருக்கிறது.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்,
ஆறு வருஷமாக எழுதுகிறேன்:
காட்டாமணக்கு வெட்ட வந்தவர் இருபத்தேழு,
வராதவர் பதினொன்று,
அதில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாதவர் நான்கு.
அபராதம், பாக்கி, கிரீஸ் டப்பா, டீ.

ஐப்பசிக் கடைசி. மூன்று நாள் விடாத மழை.
விதைத்து நாற்பது நாளான பயிர்
நுனி மட்டும் தெரிய முங்கிக் கிடக்கிறது.
ராத்திரி ஒன்றரைக்கு ஓதம் இறங்கும்,
விடியும் முன் திரும்ப ஏறும்.
அதற்குள் வடித்தால் உண்டு.
தவறினால் உள்ளே உப்பு,
வந்தால் லேசில் கிளம்பாத விருந்தாளி.

உத்திராபதி டார்ச்சோடு வந்தார்.
வைரக்கண்ணு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.
அமலோற்பவம் எல்லோருக்கும் முன்பே வந்து
சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள்,
சாவி இடுப்பில்.

"மருந்தடிச்ச வயல் எதெதுன்னு சொல்லுங்க.
பத்து நாளுக்குள்ள அடிச்சது.
போன வருஷம் நீங்க வடிச்ச தண்ணியில
எங்க ஓடையில நண்டு மல்லாந்து கெடந்துச்சு.
அதுக்கு ஒங்க நோட்டுல ஒரு வரி இல்ல."

இல்லைதான். புரட்டிப் பார்த்தேன்.
அந்தத் தேதியில்: கிரீஸ், டீ.

யாரோ பீடி பற்றவைக்கப் பார்த்தார், தீக்குச்சி நமுத்திருந்தது.
பிறகு உத்திராபதி தொண்டையைச் செருமி,
"கிழக்குத் துண்டு. எட்டு நாளாச்சு."
"எனக்கு ஒரு மா."
"எனக்கு ஒண்ணுமில்ல" என்றவர் முகத்தில்
வைரக்கண்ணு டார்ச்சை வாங்கி அடித்தார்:
"ஞாயித்துக்கெழம ஒன் வரப்புல
மாட்ட கட்ட வேணாம்னு ஏன் சொன்ன?"
"...ஒண்ணரை மா."

குடைக்குள் பேனா ஈரத்தாளில் வழுக்கியது.
பன்னிரண்டு பெயர்.
போதும் என்பதுபோல் எல்லோரும் நின்றார்கள்.
பதின்மூன்றாவதை யாரும் சொல்லவில்லை, எழுதினேன்:
தையல்நாயகி, மூன்று மா, ஆறு நாள்.

தையல்நாயகி நான்.

பதின்மூன்று வயலின் வாய்மடையிலும்
வாழைமட்டை செருகி, மண்ணடைத்து, மிதித்தோம்.
என்னுடையதை அமலோற்பவமும் சேர்ந்து மிதித்தாள்.
ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கும் அவள்மேல் கோபம் இல்லாமல் இல்லை.

இரண்டே காலுக்கு மூன்று பூட்டும் திறந்தன.
சக்கரம் சுற்றுக்கு ஒரு தரம் முனகியது.
ஊரின் தண்ணீர் கறுப்பாக, அகலமாக,
முதலில் சத்தமில்லாமல், பிறகு காது அடைக்கப்
போனது.

நாலே முக்காலுக்கு மூடினோம்.
வெளுக்கும்போது மற்ற வயல்களில்
பயிர் கழுத்துவரை எழுந்திருந்தது.
என் மூன்று மா மட்டும்
வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தது.
அதில் ஒரு கொக்கு, ஒற்றைக்காலில், அவசரமில்லாமல்.

அழுகுமா பிழைக்குமா தெரியாது.
அடைத்த வயலின் நட்டத்தை
யார் தலையில் எவ்வளவு போடுவதென்று
செவ்வாய்க்கிழமை கூட்டம். சண்டை வரும்.
வரட்டும்.

நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்,
ஸ்கேல் இல்லை, கோணல்தான்.
தலைப்பு: ஓடை.
கீழே இன்றைய தேதி. நண்டு, உயிரோடு.
அதற்கும் கீழே
டீ, பதினெட்டு. பால் வைரக்கண்ணு வீட்டிலிருந்து.
காசு வேண்டாம், எழுதவும் வேண்டாம் என்றார்.
எழுதினேன்.