இடக்கதவு, வலக்கதவு

ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு.
வீட்டு நாட்களில் மூன்றை
இந்தச் சிவப்பு வண்டி தின்றது.

சம்பளப் பேச்சு முடிந்து போனஸ் வந்த மாதம்
இக்கிக்கேவிலிருந்து ஓட்டி வந்தான் யெர்கோ.
இரண்டே இருக்கை, தரையை உரசும் வயிறு,
கிளப்பினால் தெருநாய்கள் எழுந்து நிற்கும்.
பாட்டு மட்டும்
பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி.

"கம்பெனிக்காரன் கஞ்சன்" என்றான்.
"கதவுக்குள் காகிதக் கூம்பு,
போனால் போகிறதென்று பதினைந்து வாட்ஸ்.
சத்தத்தைக் கூட்டக் கூட்ட
அடித்தொனியைத் தானே அமுக்கிவிடுகிறான்.
சிம்பல் எங்கே? அந்தச் சில்... எங்கே?"

எனக்குக் கேட்டது.
சொல்லவில்லை.

ஆன்டோஃபகாஸ்டாவில் மழை ஏது,
தெருவிலேயே பிரித்துப் போட்டோம்.
கதவின் உள்தட்டைக் கழற்றியதில்
பதினொரு கிளிப்பில் நான்கு போயின.
என் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர்,
கொழுத்த பூனை போல் பதுங்கிக்கொண்டது.
பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ்.
எஞ்சின் சுவரின் ரப்பர் வளையத்தைத் துளைத்து
சிவப்பு ஒயரை அவன் தள்ள,
கால்மிதியருகே தலைகீழாய்க் கிடந்து
பேறுகாலம் பார்ப்பவளைப் போல
நான் இழுத்தேன்.
எர்த்துக்கு ஒரு போல்ட்டடியில் பெயின்டைச் சுரண்டி
வெறும் இரும்பு மின்னும்வரை தேய்த்தான்.

ஒயருக்கு வழி பண்ண
டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றியபோதுதான்
அந்தத் தாள் விழுந்தது.
சுரங்க மருத்துவமனை, செவிப் பரிசோதனை.
கோடு நேராய் வந்து
நாலாயிரத்தில் இறங்குகிறது,
படிப்படியாய், அவன் வேலை செய்யும் பள்ளம் போலவே,
லாரி இறங்கும் பாதையோடு.
பதினெட்டு வருட வெடி.
மடித்த இடத்திலேயே மடித்து
திரும்ப வைத்தேன்.

முதல் பாட்டு, முதல் டிரம்.
முகப்பு விளக்கு கண் சிமிட்டியது.
ஆம்ப்பில் ஒரு சிவப்புப் பொட்டு. மௌனம்.
மறுபடி போட்டான். மறுபடி மௌனம்.
ஒயரைத் தொட்டால் காய்ச்சல் சூடு.
கத்தியால் தோலைச் சீவி
ஒரே ஒரு இழையைச் சுரண்டினான்.
மேலே செம்பு நிறம்.
உள்ளே வெள்ளை.
அலுமினியம்.

உலகத்துக்கே செம்பு தோண்டித் தருகிறவன்
நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தான், சிரித்தான்.
கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டார்கள்,
அதுவும் காது உடைந்த ஊசி
என்று சொல்ல வாயெடுத்து
பாதியில் விழுங்கினேன்.

அந்நேரம் துறைமுகத்துக்கு ரயில் போனது,
தகடு தகடாய் அடுக்கிய அசல்.
அடுத்த வீட்டுக் கல்யாண ஊர்வலம் போல
இருவரும் எழுந்து நின்று பார்த்தோம்.

வெல்டிங் பட்டறை எவுலோஹியோவிடம்
நாலு மீட்டர் பழைய கேபிள்,
கறுப்பு, கனம், இரண்டு பீர் விலை.
இந்த முறை விளக்கு சிமிட்டவில்லை.
கதவு மூச்சு விட்டது.
என் முதுகெலும்புக்குள் யாரோ
நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.
அப்போதும் கேட்டான்: "சிம்பல்?"
கீச்சொலித் திருகை முழுக்கத் திருப்பினான்.
எனக்குப் பல் கூசியது.
அவன் முகம் லேசாய்த் திறந்து
நின்றுவிட்டது.

விடிகாலை.
கமன்சாக்காப் பனி தெருவைத் துடைத்துவிட்டிருந்தது.
அவன் தூங்க, நான் இறங்கிப் போனேன்.
இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினால்
இரண்டு சின்னத் திருகுகள்.
மூக்குக்கண்ணாடி முடுக்கும் ஸ்க்ரூடிரைவரால்
இடக்கதவை ஒரு மயிரிழை ஏற்றினேன்.
வலக்கதவைப் பாதியாய் இறக்கினேன்.

ஞாயிறு, கொலோசோ போகும் கடலோரச் சாலை.
மூன்றாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் தட்டினான்.
"வந்துவிட்டது! சில்சில்லென்று!
கேட்கிறதா நினோஸ்கா?
சொன்னேனே, எல்லாம் செம்பு.
நல்ல செம்பு."

ஆமாம் என்றேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
தெற்கே போகையில்
கடல் என் பக்கம்.