இடஞ்சுழி

பம்பு பாபநாசம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது,
ஆயிரத்து எண்ணூறு.
ஏதோ டிப்பர் லாரியின் வயிற்றில் இருந்ததாம்.
அச்சைக் கையால் திருகினேன்.
பெரிய வாய் என் விரலை உறிஞ்சியது,
சின்ன வாய் சட்டையில் துப்பியது.
உயிர் இருக்கிறது என்றேன்.
தையல்நாயகி பேரம் பேசாமல் நோட்டை எண்ணினாள்.
எனக்கு அதுதான் பயம்.

வண்டி அறுபத்தொன்றாம் வருஷத்தது.
இழுக்கும், உழும், சேற்றில் நின்று இருமும்.
தூக்குகிற வேலையை மனுஷன் பார்த்துக்கொள்வான் என்று
செய்தவன் விட்டுவிட்டான் போல.

அவள் கேட்டது ஒன்றுதான்:
டிரெய்லர் தானாகக் கவிழ வேண்டும்.
ஐப்பசி மேகம் கறுக்கிறபோது
தார்ச்சாலையில் காய்கிற நெல்லை வாரி ஏற்றி
கொள்முதல் நிலையத் தகரத்தின் கீழ்
ஒரே கொட்டாகக் கொட்ட.
“பதினேழு தாண்டினால் ஈரம் என்று தள்ளிவிடுகிறான் இன்னாசி.
மழை அவனைக் கேட்டுக்கொண்டா வருகிறது?”

ரேடியேட்டருக்குக் கீழே
கைப்பிடி விட்டுச் சுற்றும் ஓட்டை.
உள்ளே கிராங்கின் மூக்கு.
பம்பைக் கோக்க வேறு இடமே இல்லை,
கோத்துவிட்டால் கைப்பிடிக்கு வழியில்லை.
முன்னமே சொன்னேன்.
“பேட்டரி செத்தால்?”
“மேட்டிலிருந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணு.”
“இந்த ஊரில் மேடு எங்கே இருக்கிறது?”
ஆற்றங்கரை, என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.

ஜபருல்லா கப்ளிங் கடைந்து கொடுத்தான்,
நடுவில் நட்சத்திர ரப்பர்.
அரை நூல் ஏறியிருந்தது அச்சு.
பால்பவுடர் டப்பாவைக் கத்தரித்துத்
தகடு தகடாக அடியில் கொடுத்தேன்.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் மயிரிழை ஆட்டம் இல்லை.

ஸ்டார்ட் பண்ணினோம்.
நெம்பை இழுத்தேன்.
டிரெய்லர் அசையவில்லை.
டேங்க்கில் குமிழ் குமிழாகக் காற்று.
எண்ணெய் மோர் போல் வெளுத்தது.
ஜபருல்லா என்னைப் பார்க்காமல்
சிகரெட்டைத் தேடினான்.

பம்பின் மேல் அம்பு போட்டிருக்கிறது, வலப்பக்கம்.
நான் வண்டிக்கு எதிரே நின்று பார்த்தேன்,
கிராங்கும் வலப்பக்கம்தான்.
சரி என்று இருந்துவிட்டேன்.
பம்பை அதன் முகத்தில் பார்க்க வேண்டும்.
முகமோ வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வண்டியின் கண்ணால் பார்த்தால்
அதே சுற்று இடம்.

எங்கள் ஷெட்டிலிருந்து நடக்கிற தூரம் திருவலஞ்சுழி.
ஆறு வலப்பக்கம் சுழித்த ஊர் என்பார்கள்.
எந்தக் கரையில், எங்கே பார்த்து நின்று சொன்னார்கள் என்று
முப்பது வருஷமாகப் போய்வருகிறேன்,
கேட்கத் தோன்றியதில்லை.

எட்டு போல்ட்.
மூடியைக் கழற்றி, இரண்டு பல்சக்கரத்தையும் இடம் மாற்றி,
மூடியை அரைவட்டம் திருப்பிப் போட்டேன்.
வாய் இரண்டும் பக்கம் மாறின.
டார்ச் பிடித்தது தையல்நாயகி.
“தப்பாகப் பார்த்தது நீதானே?”
“நான்தான்.”
“அப்போ இந்த ராத்திரிக்குக் கூலி இல்லை.”
நியாயம்.

விடிகிற நேரத்தில் டிரெய்லர் எழுந்தது.
மெதுவாக, முழங்கால் வலிக்கிறவர் எழுவது போல.
மூலையில் போன வருஷத்து நெல் கொஞ்சம் மழையில் கிடந்து
முளைத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது,
பாய் போல உரிந்து
என் காலடியில் வழுக்கி விழுந்தது.
அவள் அதைக் குனிந்து எடுத்து,
ஈரம் பார்க்கிறவனுக்குக் காட்ட வேண்டும் என்றாள்.

சந்தோஷத்தில் யாரோ எஞ்சினை நிறுத்திவிட்டோம்.
சாவியைத் திருகினால் டிக், டிக்.
டிரெய்லர் மேலேயே நிற்கிறது.
நெம்பைத் தட்டினேன்.
இறக்க எஞ்சின் வேண்டாம்,
பாரமே தன்னை இறக்கிக்கொள்ளும்.
ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு
மூன்று பேரும் கை கொடுத்துத் தள்ளினோம்.
கைப்பிடி சீட்டுக்கடியில் கிடந்து கடகடத்தது.
ரோடு தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது,
கரை இன்னும் இரண்டு பர்லாங்.