முதலில் போன ரத்தம்

ஊரை விட்டு முதலில் போனது அதன் ரத்தம்தான்.
மூடியிட்ட சின்னக் குழாயில்,
பனிக்கட்டிப் பொட்டலத்தின் மடியில்,
ஜெர்மனியில் ஏதோ ஓர் ஆய்வகத்துக்கு.
எனக்கே விசா வராத பிப்ரவரி.
பொம்போரா ஒன்றும் அறியாமல்
மழித்த முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.

சிப் முதலில், ஊசி பிறகு.
வரிசை மாறினால் போட்ட ஊசியும் போடாத ஊசிதான்
என்று முன்பே சொல்லியிருந்தாள் டாக்டர் ஷோரேனா.
கழுத்துத் தோலுக்கடியில் ஓர் அரிசி,
அதற்குள் பதினைந்து இலக்கம்.
காதில் ஏற்கெனவே நகராட்சியின் மஞ்சள் வில்லை:
ஊசி போட்டாயிற்று, இது தெருவின் நாய்
என்று திபிலிசியில் அதற்குப் பொருள்.
கழற்றிவிடவா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை, நல்லவேளை.

ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.
ஹெல்சின்கி வேலை காத்திருக்காது என்று நினைத்தேன்.
காத்திருக்கும் என்று கடிதம் வந்தது.
அந்த ஒரு வாரம்
பின்லாந்தை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

பிறகு கூண்டு.
நின்றால் காது இடிக்கக் கூடாது,
திரும்பினால் வால் மடங்கக் கூடாது.
டாக்சிக்காரன் பாதுரி தச்சனின் டேப்போடு வந்து
அளந்தான், நாய் உட்கார்ந்துகொண்டது,
மறுபடி அளந்தான், படுத்துக்கொண்டது.
முதல் வாரம் அடித்தட்டு மட்டும், அதில் சோறு.
அடுத்து மேல்மூடி.
கதவு கடைசியில்.
ஒரு நிமிடம் சாத்தினேன்.
அது என்னைப் பார்த்தது.
நான் சமையலறைக்குப் போய்க்
கழுவிய தட்டையே கழுவினேன்.

மயக்க மருந்து கேட்டேன்.
உனக்கா அதற்கா என்றாள் ஷோரேனா.
மேலே போனால் மூச்சு தடுமாறும், கூடவே கூடாது,
உன் துவைக்காத சட்டை ஒன்றைப் போடு,
போதும்.

படிவத்தில் இடறினேன்.
உரிமையாளர் பெயர்: ஒரே ஒரு கோடு.
காலை ஆறு மணிக்கு அடுப்பு வாசலில்
ரொட்டியின் கருகிய முனையை ஒடித்துப் போடுகிற ஓத்தார் இருக்கிறார்.
உண்ணி பிடுங்கியவள் மருந்துக்கடை மாக்வாலா.
பனி கொட்டிய இரவில் முன் இருக்கையைக் கொடுத்து
இரண்டு சவாரியை இழந்தவன் பாதுரி.
மூன்றாம் மாடிச் சாந்த்ரோ
தனக்குப் பிடிக்காத கட்லெட் முழுவதையும்
இரண்டு வருடமாக இதற்குத்தான் தின்னக் கொடுத்திருக்கிறான்,
அவன் அம்மாவுக்குத் தெரியாது.
நான் யார்?
கால் முறிந்து கிடந்த அன்று
படியேற்றித் தூக்கி வந்தவள்.
அவ்வளவுதான்.
என் பெயரை எழுதினேன்.
பக்கத்து வீட்டுத் துணியைக் கொடியிலிருந்து
உருவிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

செய்தி கேட்டு ஓத்தார் பேச்சை நிறுத்தினார்.
நாய்க்குச் சுடச்சுட முனை,
எனக்கு நேற்றைய ரொட்டி.
காசு மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.

நாடாப்புழு மாத்திரைக்கு மணிக்கணக்கு உண்டு:
இறங்குவதற்கு இருபத்துநான்கு மணிக்குக் குறையாமல்,
நூற்றிருபதுக்கு மேற்படாமல்.
விரல் விட்டு எண்ணினேன், இஸ்தான்புல் காத்திருப்பையும் சேர்த்து.
பாலாடைக் கட்டிக்குள் பொதித்துக் கொடுத்தேன்.
கட்டி போயிற்று, மாத்திரை தரையில்.
மறுபடி.

கடைசி இரவு
கூண்டில் மாட்டும் கிண்ணத்தைத் தண்ணீரோடு ஃப்ரீசரில் வைத்தேன்.
ஏற்றும்போது சிந்தாது,
மேலே போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருகுமாம்.
கூடத்தில் பார்த்தால்
திறந்த கூண்டுக்குள் தானே போய்ப் படுத்துக் குறட்டை விடுகிறது.
மூன்று மாதப் பாடத்தைச் சரியாகப் படித்துவிட்டது.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விடியலில் பாதுரியின் டிக்கி மூடவில்லை, கயிறு கட்டினோம்.
ஓத்தார் மாவுக் கையோடு வந்தார்,
கருகிய முனை ஒன்று.
கொடுக்கக் கூடாது, நான்கு மணி நேரம் வெறும் வயிறு என்றேன்.
கம்பிக்கு வெளியே மூக்கு துடித்தது.
நின்றார்.
பிறகு என் கோட்டுப் பையில் அதைத் திணித்து,
இரண்டு மாதத்தில் முதன்முறையாக என்னிடம் பேசினார்:
"இறங்கினதும் கொடு.
நீ தின்னுவிடாதே."

பை சுட்டது, விமான நிலையம் வரை.