முப்பது நாளுக்குச் செல்லும்

கிழித்த காலண்டர் தாளின் முதுகில்
நடுவே ஒரு கோடு போட்டான் பெள்ளிராஜ்.
இடப்பக்கம் கார், வலப்பக்கம் பஸ்.

கார்: பழைய ஆல்ட்டோ, கோயமுத்தூர் வண்டி,
தவணை ஆறாயிரத்து நானூறு, அறுபது மாதம்.
பெட்ரோல் என்று எழுதிவிட்டு
எதிரே ஒன்றும் எழுதாமல் பேனாவைக் கடித்தான்.

பஸ்: எனக்கு ஊட்டிக்கு ஒரு பாஸ்,
அவனுக்குக் குன்னூருக்கு ஒன்று.
காலை ஏழேகாலுக்குக் கட்டபெட்டில்
சாலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
நடுவில் கேரட் லாரிகள்.

ஒரு கார் எந்தப் பக்கம் போகும் என்றேன்.
"உன்னை விட்டுட்டு வந்து நான் போறேன்."
தொட்டபெட்டா வரை ஏறி இறங்கி
மறுபடி ஏறி இறங்கும் அந்தப் பிரியத்தை
லிட்டரால் பெருக்கினோம்.
அவனே சிரித்துவிட்டான்.

வீடு சாலைக்குக் கீழே, ஐம்பத்து மூன்று படி.
கார் வாங்கினாலும் அது மேலேதான் தூங்கும்,
பனியில், ஜெரால்டு அண்ணன் காருக்குப் பின்னால்.
அவர் கார்க் கதவில் காட்டெருமை முதுகு தேய்த்த பள்ளம்.
தட்டி நிமிர்த்தவேயில்லை,
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

பஸ்ஸில் தூங்கலாம்.
எவனோ ஒருவனின் ஈரக்குடை முழங்காலில் சொட்ட,
முன் சீட்டுக் குழந்தை வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்க,
தூங்கலாம்.
சேரிங் கிராஸில் மயில்வாகனம் எழுப்புவார்,
"லேப் மேடம், ரத்தம் காத்திருக்கு."
இதை எழுதச் சொன்னேன்.
எவ்வளவு என்று போட, என்றான்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கடைசி பஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து
ஹேமாவுக்கு மூச்சு இழுத்தது.
ஐம்பத்து மூன்று படியும் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி
அந்தப் பள்ளம் விழுந்த கதவைத்தான் தட்டினோம்.
கோத்தகிரி ஆஸ்பத்திரி வாசலில்
பெட்ரோலுக்கு இருநூறு நீட்டினான் இவன்.
ஜெரால்டு அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த இருநூறை எந்தப் பக்கம் எழுதுவது?
கோட்டின் மேலேயே எழுதினான்,
பிறகு அடித்தான்.

ஒன்றாம் தேதி பாஸ் வரிசையில் நின்றேன்.
இந்த மாதமும் கார் வாங்கவில்லை என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
முப்பது நாளுக்குச் செல்லும்.

தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
ராத்திரி ஹேமா இருமினால்
அவள் நெற்றியில் கை வைப்பதற்கு முன்
ஜன்னல் வழியே மேலே பார்க்கிறேன்,
ஜெரால்டு அண்ணன் கார் நிற்கிறதா என்று.
இருட்டில் பக்கத்தில் இன்னொரு தலை,
அதுவும் மேலே பார்த்தபடி.