வாய்க்கொழுப்பு

பத்து மணி நேரம் வெறும் வயிறு.
காலை ஏழுக்குத் தருமபுரி மருத்துவக் கல்லூரி,
இரண்டாம் மாடி, உயிர்வேதியியல்.
தேவை: பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்
ஆரோக்கியமான பெண்கள், எண்பது பேர்.

எழுபத்தொன்பது பேர்தான் வந்தார்கள்.
ஊசி போடும் என்னையே
எண்பதாவதாக உட்காரச் சொன்னார் டாக்டர்.
வயது இருபத்து நாலு, எடை எழுபத்தொன்று.
என் பெயர் நவநீதம். வெண்ணெய் என்று பொருள்.
பள்ளிக்கூடத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.
ஃபாரத்தில் என் கையெழுத்துக்கு மேலே
அச்சில் இருந்தது: ஆரோக்கியமானவர்.
ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பெண் எதிர்த்துப் பேசினால்
கொழுப்பு என்பார்கள்.
இரண்டு முறை பேசினால் வாய்க்கொழுப்பு.
திட்டியவர்களுக்குத் தெரியாது
அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதென்று.
கொழுப்பு பேசும்.
இடுப்பில், தொடையில், மேல்கையின் தளர்வில் உட்கார்ந்தபடி
லெப்டினை ரத்தத்தில் விட்டு
மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்:
சிலிண்டர் புதுசு, அரிசி இருக்கு,
இந்த மாதம் தள்ளிவிடலாம்.
அந்தப் பேச்சு அடங்கினால்
மூளை முதலில் அணைக்கும் விளக்குகளில் ஒன்று
கருப்பையினுடையது.

இன்னொரு குரலும் உண்டு, அடிபோனெக்டின்.
உடம்பு பெருக்கப் பெருக்க அது வாயை மூடிக்கொள்ளும்.
என்னிடம் அது குறைவு.
அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

கிட் வந்த அன்று
தொண்ணூற்றாறு குழித் தட்டில் எல்லாரையும் ஊற்றினேன்.
நேரமாக ஆக மஞ்சள் ஏறியது.
என் குழி, ஆலையில் காய்ச்சிய மாம்பழக்கூழ்.
முப்பத்து நாலு மட்டும் தண்ணீர்.
பிப்பெட் மாற்றினேன், மறுபடி ஓட்டினேன்.
தண்ணீர்.

பெயர்கள் டாக்டரின் பூட்டிய அலமாரியில்.
எனக்கு எண்கள்தான்.
ஆனால் நரம்பை மறக்க முடியுமா?
மூன்று இடத்தில் குத்தித்தான் கிடைத்தது.
எடை மெஷினில் ஏறுமுன் வளையலைக் கழற்றினாள்,
கொலுசைக் கழற்றினாள், ஹேர் கிளிப்பையும்.
பிறகு கேட்டாள்,
‘பூவுக்கு எத்தனை கிராம் இருக்கும்கா?’
நாற்பத்து மூன்று.
வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.
ஒருத்தி என்ன டயட் என்று விசாரித்தாள்.
உயரத்தோடு வகுத்தால் பதினெட்டு புள்ளி ஆறு.
நார்மல்.
மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?
ஆம் என்ற கட்டத்தில்
டிக்கை இரண்டு முறை போட்டிருந்தாள்.

திரையில் புள்ளிகள்
தொப்பூர் கணவாயில் லாரிகள் போல
ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.
கீழே பள்ளத்தில் ஒன்று.
‘அதை எடுத்துடு நவநீதம்,
கோடு கலையுது.’
மவுஸை நகர்த்தினேன். எடுத்தேன்.
கோடு அழகாக வந்தது.

மதியம் சோறு இறங்கவில்லை,
எனக்கு அப்படி நடப்பதில்லை.
வாசல் செக்யூரிட்டியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன்.
அந்தத் தேதியில் பென்னாகரத்திலிருந்து ஒரே ஒரு பெயர்,
மாதேஸ்வரி. பக்கத்தில் போன் நம்பர்.
இது விதிக்குப் புறம்பு.
கேட்டால் கொழுப்பு என்பார்கள்.

‘யாருக்கா?’
பின்னால் பஸ்ஸின் ஹாரன்.
உன் சாம்பிள் கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன்,
இன்னொரு தடவை வரணும்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மிக மெதுவாக:
‘ஏழு மாசமா வரலைக்கா.
மெஷின்ல அதுவும் தெரியுமா?’

தெரியும் என்றேன். தெரியாது என்றேன்.
எது முதலில் சொன்னேன் என்று நினைவில்லை.

‘வெறும் வயித்துல வரணுமா?’
‘வேண்டாம். எட்டரைக்கு வா.
கீழே கேன்டீன்ல இருப்பேன்.’

மறுமுனையில் கியர் மாறும் சத்தம்.
அவள் இன்னும் போனை வைக்கவில்லை.